சொல்லாமல் போட்ட ஊசி

நானும் அடித்திருக்கிறேன். என்னை ஒருவன் அடித்ததை எழுத உட்காரும்போது அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நர்சிங் முடித்ததும் ஒரு அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். வலியில் கத்துகிற பெண்களைத் தொடையில் அறைவது அங்கே வழக்கம். மூத்த சிஸ்டர்கள் அறைந்தார்கள்; நானும் பழகிக்கொண்டேன். "முக்குடி" என்று சொல்லிக்கொண்டே அறைவோம். ஐந்து விரலும் பதிந்துவிடும். குழந்தை பிறந்ததும் அதே பெண் எங்கள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அதனால் அடித்தது நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொள்வோம்.

கருத்தடைக்குக் காப்பர் டி போட்டதும் அப்படித்தான். இரண்டாவது பிரசவம் என்றால் நஞ்சுக்கொடி வெளியே வந்த கையோடு உள்ளே வைத்துவிடுவோம். சம்மதம் கேட்டோம் என்று எழுதிக்கொள்வோம். வலியில் தலையை ஆட்டுகிறவளிடம் "சரிதானே?" என்றால் அதற்கும் தலையைத்தான் ஆட்டுவாள். ஒரு பெண் மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்தாள். அடுத்த குழந்தை தங்கவில்லை என்று ஒவ்வொரு சாமியாகக் கும்பிட்டு, மொட்டை போட்டுக்கொண்டு, கடைசியில் எங்களிடம் வந்திருந்தாள். ஸ்கேனில் காப்பர் டி தெரிந்தது. அவள் என் முகத்தில் துப்பினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். அன்றைக்கு மனசு கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

பிறகு வெண்ணந்தூர் பக்கத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றல் வந்தது. சேலத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தினமும் பஸ். சுற்றிலும் விசைத்தறிக் கொட்டகைகள். நாங்கள் பேசுவதே அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசுவதுதான். ஒரு இளம் டாக்டரம்மா, ஒரு மருந்தாளுநர், கூட்டித் துடைக்க ஒரு அக்கா, நான். கடைசி அறையில் ஒரு மேஜையும் திரைச்சீலையும் போட்டு, குடும்ப நல ஆலோசனை என்று பலகை மாட்டி அதை என்னிடம் கொடுத்தார்கள். அதற்கு ஒரு பயிற்சியும் நடந்தது. மாத்திரை, ஊசி, காப்பர் டி, ஆணுறை, ஆபரேஷன் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்ல வேண்டும். நன்மை, கெடுதல் இரண்டும் சொல்ல வேண்டும். தேர்ந்தெடுப்பது அந்தப் பெண்ணாக இருக்க வேண்டும். ஜெபம் ஒப்பிப்பது போல எனக்கு அதெல்லாம் மனப்பாடம்.

மாதம் ஒருமுறை பெண்களைக் கூட்டி மாதவிலக்கைப் பற்றியும் பேசுவேன். என்ன துணி, எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்றுவது, எவ்வளவு போனால் அதிகம் என்றெல்லாம். அங்கேதான் அந்த ஊர் வீடுகளின் நடைமுறை எனக்குத் தெரிந்தது. தோட்டத்து வீடுகளில் பல இடத்தில் அந்த மூன்று நாளும் பெண் வீட்டுக்குள் வரக் கூடாது. மாட்டுக் கொட்டாயை ஒட்டி ஒரு சின்ன ஓட்டு அறை இருக்கும். தட்டு, டம்ளர், பாய் எல்லாம் அங்கேயே தனி. தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வரலாம். அதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும்தான் அந்தத் தவறைச் செய்தேன்.

அந்தப் பெண் ஆனி மாதத்தில் ஒரு நாள் வந்தாள். முப்பத்தொரு வயது. பதினொன்றிலும் ஏழிலும் இரண்டு பெண் குழந்தைகள். கணவன் ரிக் வண்டியில், அதாவது ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரியில், டிரில்லர். வருஷத்தில் முக்கால்வாசி வடக்கே சத்தீஸ்கர் பக்கம் கிடப்பான். அங்கே மழை பிடித்ததும் வண்டியை நிறுத்திவிட்டு ஊருக்கு வருவான். முந்தின வருஷம் அவள் வயிற்றில் நான்கு மாதக் கரு கலைந்து, ரத்தம் நிற்காமல் போய், மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்திருந்தார்கள். மயக்கம் தெளிந்தபோது போனில் கணவன் தன் அம்மாவிடம் கேட்டது அவள் காதில் விழுந்திருக்கிறது: "போனது பையனாம்மா?"

"ஏனுங்க சிஸ்டர், மூணு மாசத்துக்கு ஒருக்கா ஒரு ஊசி இருக்குதாமா?" என்றாள்.

"இருக்கு."

"போட்டுக்கிட்டா வெளிய யாருக்கும் தெரியாதுங்களா?"

"தெரியாதும்மா."

அந்த ஒரு வார்த்தையை நான் எத்தனை சுலபமாகச் சொன்னேன்! வெளியே தடுப்பூசி போட வந்த குழந்தைகள் வீறிட்டுக்கொண்டிருந்தன. "தீட்டு கொஞ்சம் முன்ன பின்ன ஆகும், பயப்படாதே" என்று மட்டும் சேர்த்துச் சொன்னேன். டாக்டரம்மா பரிசோதித்து எழுதிக் கொடுத்தார். கையில் ஊசி போட்டேன். ஊசித் தேதி எழுதிய அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன் என்றாள். என் மேஜை இழுப்பறையிலேயே வைத்துக்கொண்டேன். பெரிய உதவி செய்துவிட்டதாக நினைப்பு.

புரட்டாசியில் வந்து இரண்டாவது ஊசியும் போட்டுக்கொண்டாள். ஐப்பசியில் கணவன் வடக்கே திரும்பிப் போனான். கார்த்திகையில் ஒரு காலை, அவள் தலைமுடி கலைந்து, செருப்பு இல்லாமல் ஓடி வந்தாள்.

"சிஸ்டர், எனக்கு ரெண்டு மாசமாத் தூரமே வரலைங்க. முழுகாம இருக்கறனா?"

சிறுநீர் பரிசோதனை செய்து பார்த்தேன். கர்ப்பம் இல்லை. "ஊசியாலதான். ரெண்டாவது, மூணாவது ஊசிக்கு அப்புறம் நிறைய பேருக்குத் தீட்டு நின்னுரும். ஊசியை நிறுத்தினா திரும்ப வரும்" என்றேன்.

"அந்த ரத்தமெல்லாம் உள்ளயே கட்டிக்குமுங்களா?"

"கட்டாது. கர்ப்பப்பைக்குள்ள மாசாமாசம் ஒரு சவ்வு வளரும், கரு தங்கலைன்னா அதுதான் உதிர்ந்து வரும். ஊசி போட்டா சவ்வே வளராது. உதிர ஒண்ணும் இருக்காது."

 அவள் குரல் உயரவில்லை.

"இதை மொதல்லயே ஏனுங்க சொல்லலை? மாட்டுக் கொட்டாய்ல போய் உக்காரலைன்னா எங்க அத்தைக்குத் தெரியாதுங்களா? காலண்டர்ல பென்சில்ல சுழிச்சு வெச்சிருக்குதுங்க. நீங்க யாருக்கும் தெரியாதுன்னு சொன்னீங்களே."

 "நீயே போய் மூணு நாள் தனியா உக்காந்துக்கோ" என்றேன். "துணியை அத்தை பாக்குமுங்க" என்றாள். ரத்தசோகையால் தீட்டு நின்றிருக்கிறது, அதற்கு வைத்தியம் பார்க்கிறேன் என்று வீட்டில் சொல்லச் சொன்னேன். ஆனால் காரியம் அதற்குள் கைமீறிப் போயிருந்தது. அந்தப் பக்கத்தில் கர்ப்பத்துக்கே 'முழுகாமல் இருக்கிறாள்' என்றுதான் பேச்சு. இரண்டு மாதமாகத் தலை முழுகாத மருமகளைப் பார்த்து மாமியார் மகனுக்குப் போன் போட்டுவிட்டார். இந்த முறை பையன்தான் என்று குலதெய்வத்துக்குக் கிடா நேர்ந்தாயிற்று. உறவுக்காரர்கள் பலகாரத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவளும் அவர்கள் கொடுத்த அதிரசத்தைத் தின்றாள்.

பத்து நாள் கழித்துத் திரும்ப வந்தாள். நொண்டினாள். திரைச்சீலைக்குப் பின்னால் படுக்க வைத்துப் புடவையை விலக்கினேன். இரண்டு தொடையின் உட்பக்கத்திலும் பிளேடால் கீறின கோடுகள். நான்கு ஒரு பக்கம், ஐந்து இன்னொரு பக்கம். வலது பக்கத்தில் ஒன்று ஆழமாகப் போய், சீழ் பிடித்து, பிளந்து நின்றது. நாற்றம் அடித்தது.

"தூரமாயிட்டேன்னு சொல்லிக் கொட்டாய்க்குப் போயிட்டனுங்க. துணிக்கு ரத்தம் வேணுமில்லீங்க."

நான் காயத்தைக் கழுவினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பிரசவ வார்டில் நான் அறைந்த தொடைகள் ஞாபகத்துக்கு வந்தன என்று எழுதினால் கதைக்குப் பொருத்தமாக இருக்கும். வரவில்லை. அடுத்த கோட்டுக்குப் புதுப் பஞ்சை எடுத்தேன், அவ்வளவுதான். டாக்டரம்மா மருந்து எழுதிக் கொடுத்தார். உள்ளூர்ப் பெண்கள் அமைப்பு ஒன்றுக்குச் சொல்லலாமா, போலீசுக்குச் சொல்லலாமா என்று கேட்டார். "அவுங்க இன்னும் ஒண்ணும் பண்ணலீங்களே, நானேதானுங்க கீறிக்கிட்டேன்" என்றாள் அவள்.

மாமியாருக்குக் கண் கூர்மை. கரு கலைந்துவிட்டதென்று முதலில் அழுதிருக்கிறார். பிறகு மருமகள் குளிக்கும்போது தொடையைப் பார்த்துவிட்டார். எதற்குக் கீறினாய் என்று கேட்டுக் கேட்டு, சாப்பாட்டை நிறுத்தி, கடைசியில் சின்னக் குழந்தையின் கையைக் கதவிடுக்கில் வைத்து "சொல்றியா, சாத்தட்டுமா" என்றிருக்கிறார். அவள் ஊசியைப் பற்றிச் சொல்லிவிட்டாள்.

மகனுக்குப் போன் போனது. ஊருக்கு வரும் ஒரு லாரியில் ஏறி நாலாவது நாள் அவன் வந்து இறங்கினான். வந்தவன் கை கால்கூடக் கழுவவில்லையாம். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ஓஸில் ஒரு முழம் அறுத்துக்கொண்டான்.

அன்று டாக்டரம்மா பள்ளிக்கூட முகாமுக்குப் போயிருந்தார். காலைக் கூட்டம் கலைந்துவிட்டது. நான் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், அவன் அவளைக் கொண்டையைப் பிடித்து வாசல்படியில் இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தான். அவள் முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. உதடு இரண்டாகக் கிழிந்து மேல் பல் ஒன்று காணாமல் போயிருந்தது. புறங்கழுத்திலும் தோளிலும் ஓஸின் அடி கருநீலத் தடிப்புகளாக நின்றது.

"நீதானா ஊசி போட்டது?" என்றான்.

"அவங்களை விடுங்க" என்றேன்.

"எம் பொண்டாட்டி வயித்தை அடைக்க நீ யாருடி? என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?"

அவளைத் தரையில் தள்ளி வயிற்றில் உதைத்தான். ஒருமுறை இல்லை. "இதுக்குள்ள என்னடி வெச்சிருக்கற, என்னடி வெச்சிருக்கற" என்று கேட்டுக் கேட்டு உதைத்தான். நான் நடுவில் போய் விழுந்தேன். என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். மேஜைமேல் இருந்த ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, அந்தப் பழைய காலத்து இரும்புப் பெட்டி, அதை எடுத்து என் இடது காதோடு சேர்த்து அடித்தான். அதற்கப்புறம் சத்தம் எல்லாம் ஒரு பக்கத்திலிருந்துதான் கேட்டது. இரண்டாவது அடியைக் கையால் தடுத்தேன். விரல் எலும்பு முறிவதைக் காது கேட்கவில்லை, உடம்பு கேட்டது. மருந்தாளுநர் எட்டிப் பார்த்தார்; மருந்து அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்த யாரும் தாழ்ப்பாள்தான் போடுவார்கள்.

மூன்றாவது அடிக்குக் கையை ஓங்கியபோது தரையில் கிடந்த அவள் அவன் கெண்டைக்காலைக் கடித்தாள். விடவில்லை. அவன் அலறிக்கொண்டு அவள் மண்டையில் குத்தினான்; அப்போதும் விடவில்லை. அந்த நேரம் துப்புரவு அக்கா பின்வாசல் வழியாக ஓடி வந்து, பினாயில் கலந்த வாளித் தண்ணீரை அப்படியே அவன் முகத்தில் ஊற்றினார். கண்ணைப் பொத்திக்கொண்டு அவன் சுருண்டு விழுந்தான்.

அதோடு நான் ஓடியிருக்கலாம். அவளை இழுத்துக்கொண்டு வெளியே போயிருக்கலாம். ஸ்டீல் டிரே ஒன்று கீழே கிடந்தது. அதை நல்ல கையால் எடுத்தேன். விழுந்து கிடந்தவனின் தலையில் அடித்தேன். தட்டையாக இல்லை, விளிம்பால். எத்தனை அடி என்று தெரியாது. அவன் "வேண்டாம் வேண்டாம்" என்றது ஒரு காதில் கேட்டது. கேட்டும் அடித்தேன். தறிக் கொட்டகை ஆட்கள் ஓடி வந்து, துப்புரவு அக்காவும் சேர்ந்து, என்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து இழுத்தார்கள். "போதும் சிஸ்டர், செத்துருவான்" என்றார் அக்கா. அந்தச் சொல் எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

எங்கள் மூன்று பேரையும் ஒரே ஆம்புலன்சில் ஏற்றப் பார்த்தார்கள். நான் மாட்டேன் என்றேன். அவன் ஆட்டோவில் போனான்.

எனக்குச் செவிப்பறை கிழிந்திருந்தது, இரண்டு விரல் முறிவு. அவளுக்கு விலா எலும்பில் விரிசல், உள்ளே ரத்தக்கட்டு. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. போலீசில் நான் கொடுத்த வாக்குமூலத்தில் டிரேயைப் பற்றிச் சொல்லவில்லை. அவன் கொடுத்த எதிர்ப் புகாரில் அது இருந்தது. "தற்காப்புக்கு" என்று பிறகு எழுதிக் கொடுத்தேன். கண் தெரியாமல் விழுந்து கிடந்தவனிடமிருந்து என்ன தற்காப்பு?

ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் பழக்கூடையோடு என் கட்டிலுக்கு வந்தார்கள். "ஏஞ்சாமி, கோவத்துல பண்ணிட்டான். புள்ளைங்க இருக்குது. வழக்கை வாபஸ் வாங்கிக்கிட்டீங்கன்னா உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க." நான் ஆப்பிளை எடுத்துக் கூடையிலேயே திருப்பி வைத்தேன். என் மேலதிகாரி ஒருவரும் வந்தார். நல்ல மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "புருஷன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றார்.

"கேட்கச் சொல்லி எங்க சார் எழுதியிருக்கு?"

"எழுதலைதான். ஆனா ஊர் நடப்புன்னு ஒண்ணு இருக்கில்ல."

"நான் கேட்காமப் போட்டது அந்தப் பொண்ணுகிட்ட சார். அவங்ககிட்டதான் முழுசாச் சொல்லாமப் போட்டேன். அதுக்கு வேணும்னா மெமோ குடுங்க, வாங்கிக்கறேன்" என்றேன். அவர் மெமோ கொடுக்கவில்லை. போய்விட்டார்.

கட்டு பிரித்ததும் சர்ச்சுக்கு, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் பங்குக் கோயிலில் சிலருக்கு நான் செய்கிற கருத்தடை வேலையே பாவம். ஆனால் நான் சொல்லப் போனது அதை இல்லை. ஒருவனைக் கொல்ல நினைத்து அடித்தேன் என்றேன். தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாமியார், "அவனை மன்னிச்சிட்டியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "செஞ்சதுக்கு வருத்தப்படறியா?" அதற்கும் இல்லை என்றேன்.  "வருத்தம் வர்ற அன்னிக்கு வாம்மா" என்று அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறேன், பின்பெஞ்சில் உட்கார்ந்து வருகிறேன். எழுந்து போய் நன்மை அப்பம் வாங்குவதில்லை.

மாசியில் அவள் வந்தாள். எருமப்பட்டிப் பக்கம் அம்மா வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். பல் போன இடம் காலியாக இருந்தது. அவன் ஜாமீனில் வந்து திரும்ப ரிக்குக்குப் போய்விட்டிருந்தான்.

"நான் அந்த ஊட்டுக்கே போறனுங்க சிஸ்டர்" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜையைக் குத்தினேன். "மறுபடியுமா? போனா உன்னைக் கொன்னுருவான். அறிவிருக்கா உனக்கு? போகக் கூடாது, நான் சொல்றேன், போகக் கூடாது!"

"கத்தாதீங்க" என்றாள். "அவுங்களும் இப்படித்தானுங்க கத்துவாங்க. அம்மா ஊட்டுல அண்ணி எத்தனை நாளைக்கு வெச்சுப்பாங்க? புள்ளைங்க பள்ளிக்கூடம் அங்க இருக்குது. ஆடிக்குத்தான் அவுங்க வருவாங்க. அதுக்குள்ள எனக்கு ஒரு வழி சொல்லுங்க. இந்தத் தடவை எல்லாத்தையும் சொல்லுங்க. கெட்டதை மொதல்ல சொல்லுங்க."

கதவைச் சாத்தினேன். துப்புரவு அக்காவை வெளியே உட்காரச் சொல்லி, ஒருவரையும் உள்ளே விட வேண்டாம் என்றேன். அன்று அரை நாள் பேசினோம். மாத்திரையைத் தினமும் போட வேண்டும், ஒளித்து வைக்க இடம் வேண்டும், விட்டுப்போனால் கரு நிற்கும். ஆணுறை அவன் சம்மதம் இல்லாமல் நடக்காது. ஆபரேஷன் செய்தால் தழும்பு தெரியும், பிறகு வேண்டுமென்றாலும் குழந்தை நிச்சயமில்லை. ஊசி என்ன செய்யும் என்று அவளுக்கே தெரியும். காப்பர் டியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். வளைத்துப் பார்த்தாள்.

"இது போட்டா?"

"தீட்டு மாசாமாசம் வரும். முன்னைவிட அதிகமாவே போகும், வலி இருக்கும். உனக்கு ரத்தம் கம்மி, இரும்புச் சத்து மாத்திரை விடாமச் சாப்பிடணும். நைலான் நரம்பு மாதிரி ஒரு நூல் உள்ளே தொங்கும்."

"அவுங்களுக்குத் தட்டுப்படுமுங்களா?"

முன்பு நான் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. "சில பேருக்குத் தட்டுப்படும். நூலைக் கட்டையா வெட்டிரலாம். ஆனா அப்புறம் எடுக்கறது கொஞ்சம் சிரமம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வரலாம்."

"ரத்தம் வரும்ல, அது போதும்" என்றாள். "அத்தை காலண்டர்ல சுழிச்சுக்கட்டும்."

நான் அப்படி யோசித்திருக்கவே மாட்டேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. வலியும் ரத்தப்போக்கும் உள்ளவளுக்கு இதுவா என்று. ஆனால் அவள் எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்கிறாள் என்று விட்டுவிட்டேன். ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டரம்மா ஒரு மாதம் மாத்திரை கொடுத்துத் தேற்றி, பங்குனியில் வரச் சொன்னார். வந்தாள். போட்டேன். நூலை எவ்வளவு வெட்டுவது என்று அவளிடமே கேட்டேன்.

அவள் அந்த வீட்டுக்கே திரும்பிப் போனாள். ஆடியில் அவன் ஊருக்கு வந்தான். இரண்டு மாதம் மாமியார் ஒன்றும் பேசவில்லை. மாதம் தவறாமல் மருமகள் கொட்டாய்க்குப் போய் உட்கார்ந்தாள். கலைத்துவிட்டாளோ, மலடாகிவிட்டாளோ என்று தாயும் மகனும் குசுகுசுத்தார்கள். அவன் அவளை அடித்தான். ஆனால் முன்பு போல் இல்லை, வழக்கு இருந்ததே. புரட்டாசியில் பெரிய மகள் வயசுக்கு வந்தாள். அதே ஓட்டு அறையில் உட்கார வைத்து, குறுக்கே உலக்கையைப் போட்டார்கள். ஐந்தாம் நாள் பகலில் குழந்தை பாம்பைப் பார்த்துப் பயந்து, உலக்கையைத் தாண்டி ஓடி, நேராகச் சமையலறைக்குள் வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டிருக்கிறது.

மீதியை அவள் என்னிடம் சொன்னபடியே சொல்கிறேன்.

"தீட்டோட உள்ள வந்துட்டாள்னு அத்தை கத்துச்சுங்க. அவுங்க எந்திரிச்சு வந்து புள்ளையை ஓஸ்ல அடிச்சாங்க. மொதல் அடிக்குப் புள்ளை கத்துச்சு. ரெண்டாவது அடிக்குக் கத்தலைங்க சிஸ்டர். நான் மொதல் தடவை அடி வாங்குனப்பவும் அப்படித்தான், ரெண்டாவது அடிக்கு வாயே வரலை. அதைப் பாத்ததுமே நான் வெளிய போயி உலக்கையை எடுத்துக்கிட்டு வந்தனுங்க. ஓஸ் புடிச்ச கைய பாத்துத்தான் போட்டேன். ஒரே போடு. எலும்பு வெளிய வந்துருச்சு. அத்தை குறுக்க வந்துச்சு. உனக்கும் வேணுமான்னு கேட்டேன். ஒதுங்கிருச்சு."

இரண்டு குழந்தைகளையும் இழுத்துக்கொண்டு, போட்டிருந்த துணியோடு பஸ் ஏறி எருமப்பட்டிக்குப் போய்விட்டாள். அம்மா வீட்டில் ஒரு வாரம் இருந்தாள். பிறகு ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிற வேலையும், பண்ணையிலேயே ஒரு அறையும் கிடைத்தது. பெரிய பெண்ணின் முதுகில் இரண்டு தடிப்பு. அதை எனக்குக் காட்ட அந்தக் குழந்தை சட்டையைத் தூக்க மாட்டேன் என்றது. நான் வற்புறுத்தவில்லை.

என் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. போன மாதம் வாய்தாவுக்கு கோர்ட்டுக்குப் போனோம், நானும் சாட்சியாக அவளும். அவன் வராந்தா ஓரத்தில் தூணில் சாய்ந்து நின்றான். வலது கை முழங்கை வரை மாவுக்கட்டு. நெற்றியில் நான் போட்ட தழும்பு, மயிர்க்கோட்டுக்குக் கீழே வெள்ளையாகத் தெரிந்தது. அவனைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போய்விட்டேன். அதே நேரம் கையிலிருந்த குடையை நான் நடுவில் இறுக்கிப் பிடித்திருப்பதும் தெரிந்தது. பயமா, அடிக்கும் ஆசையா என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எங்கள் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்பே அவள் எழுந்து நேராக அவனிடம் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"பெரியவளுக்கு டீ.சி. வாங்கோணுமுங்க. அப்பன் கையெழுத்து இல்லாமக் குடுக்க மாட்டேன்னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டாரு. எருமப்பட்டியில சேக்கோணும்."

அவன் மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினான். "எதுலடி போடறது?" என்றான். குரலில் பழைய சத்தம் இல்லை.

அவள் பையில் திரும்பக் கையை விட்டு ஒரு மைப்பெட்டியை எடுத்துத் திறந்தாள். அவன் இடது கையைத் தானே பிடித்து, பெருவிரலை மையில் அழுத்தி, காகிதத்தை என் முதுகில் வைக்க என்னைக் குனியச் சொன்னாள். குனிந்து நின்றேன். காகிதத்தையும் துணியையும் தாண்டி அந்த விரல் என் முதுகில் ஒருமுறை அழுந்தி எழுந்தது. உடம்பெல்லாம் கூசியது. நான் அசையவில்லை.

காகிதத்தை ஊதி உலர்த்தி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். "வாங்க சிஸ்டர், கூப்புடறாங்க" என்றாள்.